வற்புறுத்துவது அன்பாகுமா?



தாவீது அரசனின் குமாரன் அம்னோன், தாமார் என்னும் பெண்மேல் மோகங்கொண்டு உடல் மெலிந்தான். நோயாளிபோல் படுத்து அவளை வரவழைத்து, அவள் மன்றாடியும் கேளாமல் பலாத்காரம் செய்தான். உடனே முன்கொண்ட ஆசையிலும் பெரிதான வெறுப்பு அவனுக்கு உண்டாயிற்று. அவளை வெளியே தள்ளிக் கதவைப் பூட்டச் சொன்னான் (2 சாமுவேல், 13-ம் அதிகாரம்). அவளை நேசித்திருந்தால் இந்த வெறுப்பு எங்கிருந்து வந்தது? அவன் நேசித்தது தன் ஆசையையே.

இது பழங்காலத்தோடு முடியவில்லை. 2022 அக்டோபர் 13-ந் தேதி, சென்னைப் பரங்கிமலை ரயில் நிலையத்தில், தன்னை விட்டு விலகிய கல்லூரி மாணவியை ஒரு வாலிபன் ரயிலின் முன் தள்ளிக் கொன்றான்.

நம் முன்னோரும் இந்த வெறியை அறிந்திருந்தார்கள். பனைமட்டையால் குதிரை செய்து, அதிலேறி வந்து, ஊரறியப் பெண்ணைக் கேட்பது மடலேறுதல். தொல்காப்பியம் அதைப் பெருந்திணையில், பொருந்தாக் காமத்தில் சேர்த்தது. இன்று பனைமட்டைக்குப் பதில் மோட்டார் சைக்கிளும் செல்போனும் இருக்கின்றன. அவள் தெருவைச் சுற்றுவதும், விஷம் குடிப்பேன் என மிரட்டுவதும், பழைய படங்களைக் காட்டுவேன் என்பதும் மடலேறுதலே.

பயமுறுத்திப் பெற்ற சம்மதத்தால் நடந்த விவாகம் செல்லாது என்று திருச்சபைச் சட்டத்தின் 1103-ம் பிரிவு சொல்லுகிறது. ஊதாரிப் பிள்ளையின் தகப்பனைப் பாருங்கள். பிரிந்து போன மகனை அவர் கட்டியிழுத்து வரவில்லை. அவனாய்த் திரும்பியபோதுதான் ஓடிப்போய்த் தழுவினார். சர்வேசுரனே நம் சுயாதீனத்தைப் பறிப்பதில்லையென்றால், பறிக்க நீ யார்?

வாலிபனே, இழந்ததற்காக அழுவது பாவமல்ல. ஆனால் அவள் வேண்டாமென்றால் அதுவே முடிவு. அவள் எண்ணையும் படங்களையும் அழித்துவிடு. அவள் போகும் வழியை விட்டு வேறு வழி போ. அவளைத் திருப்பித் தரும்படி நவநாள் செய்யாதே. அவள் நலமாயிருக்க ஓர் அருள்நிறை மந்திரம் சொல். முதல் நாள் தொண்டை அடைக்கும், ஆனாலும் சொல்.

பெற்றோரே, சோறும் தூக்கமும் இழந்த மகனைப் பரிகசியாதீர்கள், தனியே விடாதீர்கள். பெண்ணைப் பெற்றவர்களே, தொல்லை வந்தால் மகளைக் குற்றஞ்சொல்லாதீர்கள். அவள் படிப்பை நிறுத்தாதீர்கள். மறுத்த பெண்ணை விடாமல் பின்தொடர்வது பாரதிய நியாய சன்ஹிதா 78-ம் பிரிவின்படி குற்றம். காவல் நிலையத்திலோ 181 என்ற எண்ணிலோ தயங்காமல் சொல்லுங்கள்.

விட்டுவிடத் தெரிந்த அன்பைச் சேசுநாதர் நம் பிள்ளைகளுக்குத் தந்தருள்வாராக. ஆமென்.