காணாத இடத்துக் கருமம்

கண்ணுக்கு எட்டாத இடத்தில் ஒரு காரியம் நிறைவேறிவிட்டது என்று எதைக்கொண்டு துணியலாம் என்னும் கேள்வி தர்க்க சாஸ்திரம் பயின்றோர்க்கு மட்டும் உரியதன்று. நோயாளியின் வாயருகே நீல விளக்கைப் பிடித்து நிற்கும் பல் வைத்தியருக்கும் அது நாள்தோறும் எழுகின்ற கேள்வியாகும்.

ஜனங்கள் ‘கேப்’ என்று சொல்லும் பீங்கான் பல்லுறையைப் பல்லோடு ஒட்டுவதற்கு இக்காலத்தில் பெரிதும் வழங்குவது ரெசின் சிமெண்ட். அமிலத்தால் எனாமலைப் பக்குவம் செய்து ரெசினைப் பற்ற வைக்கலாம் என்று 1955-இல் மைக்கேல் பூனோகோர் காட்டியதும், பின்னர் ரஃபேல் போவன் பிஸ்-ஜிஎம்ஏ என்னும் ரெசினை ஆக்கி அளித்ததும் இந்த வித்தைக்கு அடிப்படைகள். இத்தகைய சிமெண்டுகள் பலவற்றில் காம்ஃபர்குவினோன் என்ற பொருள் சிறிதளவு கலந்திருக்கும். அது ஏறத்தாழ 468 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளியை மிகுதியாக ஏற்று, உடனிருக்கும் அமீனோடு கூடி வினையைத் தூண்ட, தனித்தனியே கிடந்த மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிச் சங்கிலியாகி, இளகியிருந்த சிமெண்ட் இறுகுகிறது. ஆனால் அவ்வொளி சிமெண்டை அடையுமுன் பீங்கானைக் கடந்தாக வேண்டும். பீங்கானின் கனம் ஏற ஏற ஒளி சிறுகச் சிறுகக் குறைவதில்லை, வெகு விரைவாகத் தேய்கிறது. நிறம் ஆழ்ந்ததாகவோ ஒளி புகாத் தன்மை மிக்கதாகவோ இருந்தால் அந்தத் தேய்வு இன்னும் அதிகம். போதிய ஒளி கிட்டிய இடத்திலும் இரட்டைப் பிணைப்புகள் யாவும் வினைப்படுவதில்லை. ஒரு பகுதி எஞ்சியே நிற்கும்.

வைத்தியர் விளக்கை அணைத்துவிட்டு, உறையின் ஓரத்தில் கசிந்து நின்ற சிமெண்டைக் கூரிய கருவியால் தொட்டுப் பார்க்கிறார். அது கல்லாக இறுகியிருக்கிறது. ஆகவே உள்ளேயும் இறுகியிருக்கும் என்று அவர் முடிவு செய்வாராயின், அம்முடிவு அனுமானத்தின் வேஷம் பூண்ட ஆசையேயன்றி வேறில்லை. மணிமேகலையின் 29-ஆம் காதையில் அறவண அடிகள் அளவைகளை உபதேசிக்கும்போது விளக்கும் ஏதுப் போலிகளுள் அநைகாந்திகம் என்பது ஒன்று. சாதிக்க வேண்டிய பொருள் உள்ள இடத்திலும் அஃது இல்லாத இடத்திலும் ஒருங்கே காணப்படும் ஏது எதையும் நிறுவாது என்பது அதன் சாரம். ஓரத்துச் சிமெண்டோ பீங்கானின் மறைவின்றி ஒளியை நேரே பெற்றது; உள்ளே இறுகினாலும் இறுகாவிட்டாலும் அது இறுகியே தீரும். எனவே அவ்விறுக்கம் உள்நிலைக்குச் சாட்சியாகாது.

இனி, சிமெண்ட் செய்தவர்கள் குறித்தபடி இத்தனை விநாடி ஒளி காட்டினேன் என்று நம்பத்தக்கோர் சொல்லாகிய சப்தப் பிரமாணத்தைத் துணைக்கு அழைக்கலாம். ஆப்தருடைய வாக்கு மதிக்கத்தக்கதே. ஆயினும் எத்தகைய பீங்கானை, எவ்வளவு கனத்தை, எவ்வளவு வலிமையுள்ள விளக்கை மனத்திற்கொண்டு அவர்கள் அதனைச் சொன்னார்கள் என்று விசாரியாமல், நாட்பட்டு ஒளி மங்கிய விளக்கைக் கொண்டு அதே விநாடிகளை எண்ணுகிறவர், சொல்லைப் பற்றிக்கொண்டு பொருளைக் கைவிட்டவராவார்.

இங்கேதான் அளவை நூலும் தர்மமும் ஒன்றாகின்றன என்று நான் கருதுகிறேன். நாற்காலியில் வாய் திறந்து கிடப்பவன் எதையும் காணான். குறையாக இறுகிய சிமெண்டின் பலனோ, கூச்சமாகவோ ஓரக் கறையாகவோ உறை கழன்று விழுவதாகவோ காலம் தாழ்த்தே வரும். வந்தபோதும் அதனைக் கடித்த பண்டத்தின் மீதும் பல்லின் பலவீனத்தின் மீதும் ஏற்றிவிட இடமுண்டு. பழிக்கு அஞ்சுவதற்கோ புகழை நாடுவதற்கோ இடமில்லாத அவ்வேளையில், உள்ளே நடப்பதைச் செவ்வையாக அனுமானிப்பதற்கு வேண்டிய சிரமத்தை ஏற்பதுதான் அவ்வைத்தியருடைய அறம். தாம் அறியவில்லை என்பது, அறிவதற்கு வழியிருந்தும் அதனை நாடாதவருக்கு விடுதலையாகாது. பீங்கானின் கனத்தை அளந்து பார்ப்பதும், விளக்கின் வலிமையை அதற்குரிய மானியால் அவ்வப்போது சோதிப்பதும், கன்னப்புறம் நாப்புறம் மேற்புறம் என ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் ஒளியைத் தனித்தனியே நிறுத்திக் காட்டுவதும் ஆகிய அற்பச் செயல்களில் அவ்வறம் அடங்கியிருக்கிறது.

ஒளியின்றி ரசாயனத்தாலும் இறுகவல்ல இருவழிச் சிமெண்ட் இருக்கையில் இத்தனை கவலை எதற்கு என்று கேட்கலாம். கனத்த உறைக்கு அதுவே தக்கது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவ்வகையிலும் பல சிமெண்டுகள் ஒளி பெற்றபோது இறுகும் அளவுக்கு இருளில் இறுகுவதில்லை. ஆகையால் அதனைப் பூசியதை ஒரு காரணமாகக் கொண்டு விளக்கைச் சீக்கிரம் அணைப்பவர், முன்னர்ச் சொன்ன அநைகாந்திகத்தையே வேறு வழியில் கைக்கொள்கிறார்.