சதுப்புக்காட்டில் சேர்ந்தவர்கள்

தன் வயிற்றெரிச்சலுக்காகக் கிளம்பியவன் அநீதியை எதிர்த்தவன் ஆவானா? கேரி ராஸ் இயக்கிய 'ஃப்ரீ ஸ்டேட் ஆஃப் ஜோன்ஸ்' (2016) படம் இந்தக் கேள்வியை எழுப்புகிறது.

கதை நடந்தது மிசிசிப்பியின் ஜோன்ஸ் மாவட்டத்தில். அங்கே அடிமை வைத்திருந்தவர்கள் குறைவு, ஏழை வெள்ளை உழவர்களே அதிகம். அமெரிக்க உள்நாட்டுப் போரில், அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோன தெற்குக் கூட்டரசு 1862இல் கட்டாய ஆள்சேர்ப்பைத் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபரில், இருபது அடிமைகள் உள்ள பண்ணைக்கு ஒரு வெள்ளையர் வீதம் விலக்கும் அளித்தது. மறு ஆண்டு விளைச்சலில் பத்தில் ஒரு பங்கையும் கேட்டது. பணக்காரன் வீட்டில் இருக்க ஏழை சாவதா என்று கொதித்தவர்கள் படையைவிட்டு ஓடிவந்தார்கள். 1863 அக்டோபரில் அவர்களில் ஒருவரான நியூட்டன் நைட் மற்றவர்களைத் திரட்டினார். அவர்களில் பலருடைய கோபம் அடிமைமுறை மீதல்ல, அதன் முதலாளிகள் மீது.

அதற்காக அவர்களை ஒதுக்கிவிட முடியாது. சொந்தக் காயம் பட்டுத்தான் பெரும்பாலோர்க்குக் கண் திறக்கிறது. ஆனால் மதிப்பை நிறுக்கும்போது ரேச்சலை மறக்கக் கூடாது. அவர் நைட்டின் பாட்டனார் குடும்பத்தில் அடிமையாக இருந்தவர். சதுப்புக்காட்டில் ஒளிந்திருந்தவர்களுக்கு உணவும் செய்தியும் கொண்டுபோனார். வேட்டைநாய்கள் மோப்பம் பிடிக்காதிருக்க மிளகாய்ப்பொடி தூவும் உத்தியை அவர்தான் சொல்லிக்கொடுத்தார் என்று அந்தப் பகுதியில் இன்றும் பேசுவார்கள். 1864இல் தெற்குக் கூட்டரசின் கர்னல் லௌரியின் படை ஓடிவந்தவர்களைப் பிடிக்க வந்து பத்துப் பேரைத் தூக்கிலிட்டது உண்மை. ஆனாலும் பிடிபட்ட வெள்ளையர் பலர் பழைய படைக்கே திருப்பி அனுப்பப்பட்டார்கள். ரேச்சலுக்குத் திரும்பிப்போக ஒரு படை இல்லை, இருந்தது எஜமானின் கை மட்டுமே. துணிவில் அவரே மூத்தவர். படமோ நைட்டையே நடுவில் நிறுத்துகிறது. அது குறைதான்.

நைட்டை நான் மதிப்பது போருக்குப் பிந்தைய வாழ்க்கைக்காக. வரியும் ஆள்சேர்ப்பும் ஒழிந்தன, அவருடைய சொந்தக் குறை தீர்ந்தது. அக்கம்பக்கத்தார் 1865இலேயே மாவட்டத்துக்குத் தோற்ற கூட்டரசின் அதிபர் டேவிஸின் பெயரைச் சூட்டி ஊரோடு ஒட்டிக்கொண்டார்கள். நைட்டுக்கும் அந்த வழி திறந்தே இருந்தது. அவர் ரேச்சலோடு வாழ்ந்தார், பிள்ளைகளைத் தம்முடையவர்கள் என்று மறைக்காமல் வளர்த்தார்.

அதன் விலையை வாரிசுகளும் கொடுத்தார்கள். வெள்ளைப் பெண்ணை மணந்த குற்றத்துக்காக 1948இல் அவர்களுடைய கொள்ளுப்பேரன் டேவிஸ் நைட்டுக்கு ஐந்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. மறு ஆண்டு மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது, அவர் உடம்பில் எட்டில் ஒரு பங்கு கறுப்பர் ரத்தம் இருப்பது நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லி. கலப்பு மணத்தைத் தடுத்த சட்டத்தை அது தொடவில்லை.