சுவரை விட்டுப் போன யானை

ஸ்பெயினின் சோரியா மாகாணத்தில் சதுர கிலோமீட்டருக்குப் பத்துப் பேர்கூட வசிப்பதில்லை. அங்கே காசியாஸ் தே பெர்லாங்கா என்ற சிற்றூரைத் தாண்டி, வறண்ட சரிவொன்றில் ஒரு கல் கட்டடம் தனியே நிற்கிறது. கோபுரம் இல்லை, வெளிச்சுவரில் ஒரு வேலைப்பாடும் இல்லை. விவரம் தெரியாதவர்கள் தானியக் களஞ்சியம் என்று நினைத்துக் கடந்து போய்விடலாம். 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சான் பௌதேலியோ என்ற சிறு தேவாலயம் அது.

உள்ளே போனால்தான் அதன் அருமை தெரியும். நடுவில் ஒரே ஒரு பருத்த தூண். அதன் உச்சியிலிருந்து எட்டு வளைவுகள் பேரீச்சை மட்டைகளாக விரிந்து கூரை முழுவதையும் தாங்குகின்றன. ஒரு பக்கம் லாட வடிவ வளைவுகளோடு சின்னஞ்சிறு தூண்கள் நெருங்கி நிற்கின்றன; அந்த மூலையில் மட்டும் நின்று பார்த்தால் மசூதிக்குள் இருப்பதாகவே தோன்றும். துவேரோ ஆற்றை ஒட்டிய இந்த நிலம் கிறிஸ்தவ அரசுகளுக்கும் முஸ்லிம் அரசுகளுக்கும் நடுவே நெடுங்காலம் எல்லையாக இருந்தது. எல்லையில் படைகள் மோதிக்கொண்டன, கொத்தனார்களின் கலைகளோ ஒன்றாகக் கலந்தன. 12-ஆம் நூற்றாண்டில் சுவரெல்லாம் ஓவியங்கள் ஏறின. மேலே இயேசுவின் வாழ்க்கை. கீழே முயல் வேட்டை, மான் வேட்டை, வல்லூறு ஏந்திய குதிரைவீரன், கரடி, ஒட்டகம், முதுகில் கோட்டையைச் சுமந்த ஒரு யானை. சோரியாவில் யானையை நேரில் கண்ட ஓவியன் இருந்திருப்பானா என்பது சந்தேகம்தான். ஆனாலும் அழகாகத்தான் வரைந்திருக்கிறான்.

1917-இல் ஸ்பெயின் அரசு இதைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தது. பத்திரம் மட்டும் அந்த ஊர்க் குடும்பங்கள் சிலவற்றின் பெயரிலேயே இருந்தது. 1922-இல் லியோனே லேவி என்ற கலைப்பொருள் வியாபாரி வந்து 65,000 பெசேட்டாவுக்கு ஓவியங்களை விலை பேசினார். விஷயம் வெளியே கசிந்ததும் எதிர்ப்புக் கிளம்பியது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 1925-இல் விற்றவர் பக்கமே தீர்ந்தது. சொந்தக்காரர் தம் சொத்தை விற்றார், அதில் குற்றம் என்ன என்பதுதான் அன்றைய சட்டத்தின் நிலை. 1926-இல் ஓவியங்களின் மேல் பசை தடவிய துணியை ஒட்டி, காய்ந்த பின் உரித்து எடுத்தார்கள். சுருட்டிய துணிகள் அமெரிக்கா போய்ச் சேர்ந்தன. இயேசுவின் கடைசி இராப்போஜனம் பாஸ்டனில், வல்லூறு ஏந்தியவன் சின்சினாட்டியில், கானாவூர்க் கல்யாணம் இண்டியானாபோலிஸில் என்று ஒரு சுவரின் கதை பல ஊர்களில் பங்காயிற்று.

விற்ற குடும்பங்களைத் திட்டுவது சுலபம். எனக்கு மனம் வரவில்லை. விளைச்சல் குறைந்த மண்ணில் வாழ்ந்தவர்களுக்கு அந்த யானை ஒரு வேளைச் சோறும் போட்டதில்லை. நினைவுச் சின்னம் என்ற அறிவிப்பு கட்டடத்துக்குக் கௌரவம் தந்தது. குடியிருந்தவர்களுக்கு என்ன தந்தது?

கதையின் இரண்டாம் பாகம் செகோவியா மாகாணத்தில், ஃபுவென்திதுவேன்யா என்ற இன்னொரு சிற்றூரில் நடந்தது. அங்கே மேட்டின் மேல் சான் மார்ட்டின் தேவாலயம் கூரை விழுந்து பாழடைந்து கிடந்தது. பலிபீடம் இருக்கும் அரைவட்டப் பகுதி மட்டும் சிதையாமல் நின்றது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் அதைப் பெறப் பல ஆண்டு முயன்றது. 1957-இல், பிராங்கோவின் ஆட்சியில், ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஏறத்தாழ 3,300 கற்களுக்கு எண் போட்டு, பிரித்து, பெட்டியில் அடைத்துக் கப்பலேற்றினார்கள். 1961-இல் அந்த அரைவட்டம் மன்ஹாட்டனின் வடபகுதியில், அந்த அருங்காட்சியகத்தின் குளோய்ஸ்டர்ஸ் என்ற கிளையில் மறுபடி எழுந்தது. இப்போது அதற்குள் கட்டலோனியக் கிராமம் ஒன்றின் சுவரோவியம் இருக்கிறது. கச்சேரிகளும் நடக்கின்றன. ஒலி பிரமாதமாக இருக்கிறதாம்.

பதிலுக்கு ஸ்பெயினுக்குக் கிடைத்தவை சான் பௌதேலியோவின் ஆறு ஓவியத் துண்டுகள். அவற்றில் யானையும் உண்டு. அதாவது, ஒரு கிராமம் இழந்ததை மீட்க இன்னொரு கிராமத்தின் தேவாலயம் விலையாயிற்று. மீண்டு வந்த ஓவியங்களும் காசியாஸுக்கு வரவில்லை. மாட்ரிட்டில் பிராடோ அருங்காட்சியகத்தில் இறங்கிக்கொண்டன. யானை நாடு திரும்பியது, ஊர் திரும்பவில்லை.

ஃபுவென்திதுவேன்யாவுக்குப் பக்கத்திலேயே சக்ராமேனியா மடம் இருக்கிறது. அதன் கட்டடங்களில் ஒரு பகுதியை 1925-இல் பத்திரிகை முதலாளி ஹெர்ஸ்ட் வாங்கிச் சுமார் 11,000 பெட்டிகளில் அமெரிக்காவுக்கு அனுப்பினார். செகோவியாவில் கால்நடைக் கோமாரி பரவியிருந்ததால், அமெரிக்காவில் பெட்டிகளைத் திறந்து உள்ளே இருந்த வைக்கோலை எரித்தார்கள். கற்களைத் திரும்ப வைத்தபோது பெட்டி மாறிப்போயிற்று. ஹெர்ஸ்ட் இருந்தவரை அதைக் கட்ட முடியவில்லை. இன்று அது ஃப்ளோரிடாவில் நிற்கிறது.

காப்பாற்றினோம் என்று வாங்கியவர்கள் சொல்வதில் பாதி உண்மை உண்டு. மழையும் பனியும் ஃபுவென்திதுவேன்யாவின் கற்களை இந்நேரம் தின்றிருக்கலாம். ஆனால் 3,300 கற்களை அட்லாண்டிக் கடலைத் தாண்டிக் கொண்டுபோய் அடுக்கத் தெரிந்தவர்களுக்கு, நின்ற இடத்திலேயே ஒரு கூரை போடுவது முடியாத காரியமாக இருந்திருக்காது. அதைச் செய்திருந்தால் நியூயார்க்கில் காட்ட எதுவும் மிஞ்சியிருக்காது, அவ்வளவுதான்.

சான் பௌதேலியோவின் சுவரில், உரித்தபோது உள்ளே ஊறிப்போயிருந்த சாயம் மட்டும் தங்கிவிட்டது. இன்று போகிறவர்கள் பார்ப்பது அந்த வெளிறிய தடத்தைத்தான். சட்டக் கணக்கிலும் விவகாரம் முடியவில்லை. நியூயார்க்கில் இருக்கும் அரைவட்டம் ஸ்பெயின் தந்த காலவரையற்ற இரவல்; பிராடோவில் இருக்கும் ஆறு துண்டுகள் நியூயார்க் தந்த காலவரையற்ற இரவல்.

பிராடோவிடம் சுமார் 8,000 ஓவியங்கள் இருக்கின்றன. சோரியா நகரில் நுமந்தினோ என்ற அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. அதற்கும் கூரையும் பூட்டும் உண்டு. அந்த ஆறு துண்டுகளையும் அங்கே வைக்க நியூயார்க்கின் சம்மதம் வேண்டியிருக்கும். ஒரு கடிதம் எழுதிக் கேட்டுப் பார்க்கலாம்.