நற்செய்தி சொல்லும் வாய்

கேள்வி: காலையில் பத்திரிகையைப் பிரித்தால் கொலையும் விபத்தும். வீட்டுக்கு வருகிறவர்களோ விலைவாசியையும் வியாதியையும் தவிர வேறொன்றும் பேசுவதில்லை. இந்நிலையில் ‘நம்பிக்கையோடு இரு’ என்று பெரியோர்கள் உபதேசிப்பது, கண்ணை மூடிக்கொள் என்று சொல்வதாகத்தானே ஆகிறது? (மன்னார்குடி வாசகர்)

பதில்: கண்ணை மூடிக்கொண்டு பெறுகிற நம்பிக்கையை நம் சாஸ்திரங்கள் எங்கும் சிலாகித்ததாக எனக்குத் தெரியவில்லை. நம்பிக்கைக்கு உதாரண புருஷராக நம் பாட்டிமார்கள் காட்டுகிற ஆஞ்சநேயர், இலங்கையில் அந்தப்புரம், பானசாலை, புஷ்பக விமானம் என்று ஓரிடம் விடாமல் கண்ணைத் திறந்துகொண்டு தேடியவர். அந்தத் தேடலின் நடுவே, உறங்கிக்கொண்டிருந்த மண்டோதரியின் அழகைக் கண்டு இவள்தான் சீதை என்று எண்ணிவிட்டு, வாலை முத்தமிட்டும் தூண்களில் ஏறிக் குதித்தும் அவர் ஆனந்தக் கூத்தாடியதை வால்மீகி மறைக்காமல் எழுதியிருக்கிறார். ஆனால், இராமனைப் பிரிந்த சீதை இப்படி நிம்மதியாக உறங்குவாளா என்ற யோசனை அடுத்த க்ஷணமே அவருக்கு வந்துவிடுகிறது. தமக்கு மிகவும் பிரியமான ஒரு செய்தியை, அது உண்மையாக இராது என்று தெரிந்ததும் தாமே தள்ளிவிடுகிற அந்த நேர்மையிலிருந்துதான் மெய்யான நம்பிக்கை ஆரம்பமாகிறது என்பது என் அபிப்பிராயம்.

பிறகு அவருக்கும் சோர்வு வருகிறது. சீதையைக் காணாமல் திரும்பினால் இராமன் உயிர் தரியான், அவனைத் தொடர்ந்து இலக்ஷ்மணன், பரதன், சத்ருக்னன், தாய்மார்கள், சுக்ரீவன், வானரக் குலம் முழுவதும் என்று, ஒரு துர்ச்செய்தி எத்தனை வீடுகளில் விளக்கணைக்கும் என்பதை வரிசையாகக் கற்பனை செய்து பார்க்கிறார். இரவு மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு இப்படிக் கணக்குப் போடாத குடும்பஸ்தர் யார்? அந்தக் கணக்கிலிருந்து அவரை மீட்டது அசரீரியுமல்ல, வரமுமல்ல. மனம் தளராதிருப்பதே காரிய சித்திக்கு மூலம் என்றும், உயிரோடிருந்தால்தான் நன்மையைக் காண முடியும் என்றும் தமக்குத் தாமே தேறுதல் சொல்லிக்கொண்டு நிமிர்ந்தபோது, இன்னும் தேடாத ஒரு தோப்பு பாக்கியிருப்பது அவர் கண்ணில் படுகிறது. அதுதான் அசோகவனம். தேடி முடிவதற்கு முன் தீர்ப்பெழுதாதிருப்பது எதுவோ, அதையே நான் நம்பிக்கை என்கிறேன்.

பத்திரிகையைக் குறை சொல்லிப் பயனில்லை. நேற்று நடந்த விபரீதத்தைச் சொல்வது அதன் தொழில். மெள்ள நடக்கிற நன்மையை நாம்தான் தேடிப் போய்ப் பார்க்க வேண்டும். நம் பாட்டனார் காலத்தில் ஊரைக் காலி செய்த பெரியம்மை, இந்தியாவில் 1975-ஆம் வருஷத்தோடு நின்றது. உலகத்திலேயே இல்லை என்று 1980-இல் உலக சுகாதார ஸ்தாபனம் பிரகடனம் செய்தது. அது எப்படி நின்றது தெரியுமா? 1973 முதல் சுகாதார ஊழியர்கள் கிராமம் கிராமமாக, வீடு வீடாகப் புகுந்து, யாருக்கு அம்மை கண்டிருக்கிறது என்று தேடினார்கள். கண்ட வீட்டைச் சுற்றியிருந்தவர்களுக்கெல்லாம் அம்மை குத்தினார்கள். வியாதியைத் தேடிப் போனவர்களே வியாதி ஒழிந்தது என்ற செய்தியை நமக்குக் கொண்டுவந்தார்கள். இளம்பிள்ளை வாதம் இந்நாட்டில் கடைசியாகக் கண்டது 2011-இல். நாடு அதிலிருந்து விடுபட்டதாக 2014-இல் சான்றளிக்கப்பட்டது. சென்ற வாரத்து விபத்தைச் சாப்பாட்டு வேளையில் விஸ்தாரமாகச் சொல்லுகிற நாம், இதைக் குழந்தைகளிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறோம்?

கேள்வி: என் மகனுக்கு நல்ல உத்தியோகம் கிடைத்திருக்கிறது. ‘வெளியே சொல்லாதே, கண்பட்டுவிடும்’ என்கிறார் என் மாமியார். சொல்லாவிட்டால் உறவினர்கள் வருத்தப்படுவார்கள். என்ன செய்வது? (கும்பகோணம் வாசகி)

பதில்: மாமியாரைப் பரிகசிக்க வேண்டாம். காரியம் கனிவதற்கு முன் ஊரெல்லாம் சொல்லிவிட்டு, கனியாமற்போனால் ஒவ்வொருவருக்கும் சமாதானம் சொல்லித் திரிவது எத்தனை பெரிய வேதனை என்பது அந்த அம்மாளுக்கு அநுபவத்தில் தெரிந்திருக்கும். உத்தரவு கைக்கு வருகிறவரையில் அவர் வாக்கைக் கேளுங்கள்; வந்த பிறகு சொல்லாதிருப்பது உலோபத்தனம்.

சம்பாதியின் கதையை நினைத்துப் பாருங்கள். சூரியனின் வெப்பத்தால் சிறகு கருகி, மலைமேல் விழுந்து கிடந்த கிழக் கழுகு அவன். கடற்கரையில் வானரர்கள் காரியம் கைகூடாத துக்கத்தில் பட்டினி கிடந்து உயிர்விடத் துணிந்து படுத்திருந்தபோது, சீதை இலங்கையில் இருக்கிறாள் என்று அவர்களுக்குச் சொன்னவன் அவனே. இராம தூதர்களுக்கு அந்தச் சேதியைச் சொல்லும்போது உனக்குச் சிறகு மீண்டும் முளைக்கும் என்று நிசாகரர் என்ற முனிவர் முன்பே அருளியிருந்தபடி, பேசிக்கொண்டிருக்கையிலேயே அவனுக்குப் புதிய சிறகுகள் முளைத்துவிட்டன. கேட்டவர்களுக்கு உயிர் வந்தது. சொன்னவனுக்குச் சிறகு வந்தது. இதைவிடத் தெளிவாக உங்கள் கேள்விக்கு நான் என்ன பதில் எழுதிவிட முடியும்?

கேட்கிறவர்களின் தர்மமும் ஒன்றுண்டு. இராவண வதத்திற்குப் பிறகு வெற்றிச் செய்தியோடு வந்த அநுமனுக்கு, பொன்னும் மணியும் மூவுலக ராஜ்யமுங்கூட ஈடாகாது என்று மனமுருகினாள் பிராட்டி. நந்திக்கிராமத்தில் பரதனோ லக்ஷம் பசுக்களையும் நூறு கிராமங்களையும் கொடுக்க முன்வந்தான். அத்தனை சம்பத்து நம்மிடம் இல்லாததால்தான், நல்லது சொன்னவரைப் பார்த்து ‘உன் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும்’ என்று நம் வீடுகளில் சொல்லிவைத்தார்கள் போலும்! இன்னொரு விசேஷம்: அசோகவனத்தில் இராமனுடைய க்ஷேமத்தைக் கேட்ட சீதையும், நந்திக்கிராமத்தில் இராமனுடைய வரவைக் கேட்ட பரதனும், ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாமலே, உயிரோடிருக்கிறவனுக்கு நூறாண்டு கழித்தாவது ஆனந்தம் வந்து சேரும் என்ற அதே உலக வழக்கைத்தான் நினைவுகூர்கிறார்கள்.

யாருக்கு முதலில் சொல்வது? அயோத்திக்குத் திரும்புகையில் இராமன் அநுமனைப் பரதனிடம் அனுப்பும்போது, வழியில் குகனிடம் முதலில் சொல்லிவிட்டுப் போ என்றான். அரண்மனைக்கு முன்பே ஓடக்காரத் தலைவனுக்குச் செய்தி போயிற்று. ஆகவே உங்கள் மகனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார், பரீட்சைக் கட்டணத்துக்குக் கைமாற்றுக் கொடுத்த அண்டை வீட்டார், இவர்களுக்குப் போன பிறகே பணக்கார மாமாவுக்குப் போகட்டும். சம்பளத் தொகையை மட்டும் யாருக்கும் சொல்லாதீர்கள். மாமியார் அஞ்சுகிற கண் பெரும்பாலும் அந்தத் தொகையின்மேல்தான் விழும்!

கேள்வி: நோயாளிகளிடமும் முதியவர்களிடமும் நல்லதை மட்டும் சொல்லி, கெட்டதை மறைத்துவிடலாமா? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: மறைப்பது வேறு, வரிசைப்படுத்துவது வேறு. இராமன் முன்னிலையில் ஆஞ்சநேயர் முதலில் சொன்னது, தேவி தீங்கின்றி, நெறி வழுவாமல் இருக்கிறாள் என்பதை. அதைக் கேட்டு மூச்சு வந்த பிறகே அசோகவனத்துத் துயரமும், அரக்கியரின் அச்சுறுத்தலும், சூடாமணியும் வருகின்றன. ஒரு மாதத்துக்கு மேல் உயிர் தரியேன் என்று தேவி சொன்னதையும் அவர் விழுங்கிவிடவில்லை. அதை விழுங்கியிருந்தால் சேனை அன்றே புறப்பட்டிராது. வைத்தியம் தாமதமாகும்படியான விஷயத்தை மறைப்பது கருணையல்ல; அதற்கு முன் நோயாளிக்கு ஒரு பிடிமானத்தைக் கொடுத்துவிட்டுச் சொல்லுங்கள்.

கேள்வி: சுந்தர காண்டம் முழுவதும் பாராயணம் செய்ய அவகாசமில்லை. மனச்சோர்வு நீங்க எந்தப் பகுதியை வாசிக்கலாம்? (சேலம் வாசகி)

பதில்: வால்மீகியில் அது 68 சர்க்கங்கள். சோர்வுக்கென்றே வாசிப்பதானால் 12, 13 ஆகிய இரண்டும் போதும். குழந்தைகளையும் உட்கார வைத்துக்கொள்வதானால் 61 முதல் 64 வரை உரக்க வாசியுங்கள். தேவியைக் கண்டுவிட்ட மகிழ்ச்சியில் வானரர்கள் சுக்ரீவனுடைய மதுவனத்தில் புகுந்து தேனைக் குடித்துத் துவம்சம் செய்ய, காவல்காரன் ததிமுகன் உதைபட்டு ஓடிவந்து அரசனிடம் அழுதுகொண்டே பிராது கொடுக்கிறான். போன காரியம் பழமாகாதிருந்தால் இவர்களுக்கு இத்தனை துணிச்சல் வந்திராது என்று கண்டுகொண்ட சுக்ரீவனோ, கோபிப்பதற்குப் பதிலாக வாலை நீட்டிச் சந்தோஷப்படுகிறான். அடிபட்ட ததிமுகனுக்கு மட்டும் விஷயம் விளங்கச் சற்று நேரமாகிறது.