தாழிட்ட கதவு

ஆழ்வார்பேட்டையில் எங்கள் குடியிருப்பில் ஒரு மாமி தனியாக இருக்கிறார். யாருக்கும் கதவைத் திறப்பதில்லை. "பாவம், என்ன ஆச்சோ" என்று போய்த் தட்டுகிறவர்களில் நானும் ஒருவன். "நன்னாத்தான் இருக்கேன், போங்கோ" என்று உள்ளிருந்து குரல் வரும்.

அப்போதெல்லாம் அந்தமானின் வட சென்டினல் தீவு நினைவுக்கு வரும். அங்கிருப்பவர்களைக் கற்கால மனிதர்கள் என்கிறோம். 1880-ல் போர்ட்மேன் என்ற ஆங்கிலேய அதிகாரி அத்தீவிலிருந்து ஒரு முதிய தம்பதியையும் நான்கு குழந்தைகளையும் பிடித்துச் சென்றார். பெரியவர்கள் நோயில் இறந்தார்கள். குழந்தைகளைப் பரிசுப் பொருட்களோடு திருப்பி அனுப்பினார். அம்பு எய்வது அறியாமையாலா, அனுபவத்தாலா?

1991-ல் நம் குழுவினரிடமிருந்து அவர்கள் தேங்காய் வாங்கிக்கொண்டார்கள். ஆக, கதவு எப்போதுமே மூடியிருந்ததில்லை. எப்போது திறப்பது என்பது அவர்கள் இஷ்டம். 2004 சுனாமிக்குப் பின் நலம் பார்க்கப் போன ஹெலிகாப்டரை நோக்கி ஒருவர் வில்லை உயர்த்தினார். அதுவும் ஒரு "நன்னாத்தான் இருக்கேன், போங்கோ" தானே?

உள்ளே ஒரு குழந்தை காய்ச்சலில் கிடந்தால்? கதவைச் சாத்தியது அந்தக் குழந்தை இல்லையே. இந்தக் கேள்விக்கு என்னிடம் சுத்தமான பதில் இல்லை. ஆனால் காப்பாற்றப் போகிறவன் கொண்டுபோகும் சாதாரண ஜலதோஷமே அங்கே ஊரை அழித்துவிடலாம். அரசும் கரையேறாமல் தூரத்திலிருந்துதான் பார்க்கிறது.

நானும் இப்போது தட்டுவதில்லை. காலையில் மாமி வீட்டு வாசலைப் பார்ப்பேன். பால் பாக்கெட்டை எடுத்திருந்தால், படியிறங்கிவிடுவேன். எடுக்காத அன்று தட்டுவேன். உடைப்பேனா என்பது அன்றைக்குத்தான் தெரியும்.