கசிவு யாருடையது?

எஞ்சினின் பின்பக்க ஒயில் சீலை மாற்றியதற்கான பற்றுச்சீட்டைக் கையில் வாங்கும் எவருக்கும் முதலில் வருவது கோபம்தான். பொருளுக்குச் சில பத்து டொலர்கள், கூலிக்கு அதைப்போலப் பல மடங்கு. ஒரு வளையத்துக்கு இவ்வளவா என்று தோன்றும். அது இருக்கும் இடம்தான் கூலியைத் தீர்மானிக்கிறது. கிராங்க் தண்டு எஞ்சினை விட்டு வெளியே வந்து கியர்பொக்ஸைச் சந்திக்கும் இடத்தில் அது ஒளிந்திருக்கிறது. அதைத் தொட வேண்டுமானால் கியர்பொக்ஸ் இறங்க வேண்டும், அதற்குப் பின்னால் உள்ளவையும் கழல வேண்டும். மலிவான பொருளொன்று விலையுயர்ந்த இடத்தில் இருக்கிறது.

ஆகவே பலர் திருத்துவதில்லை. டிக்கியில் ஒரு போத்தல் ஒயில் வைத்திருந்து, குறையும்போது ஊற்றிக்கொள்கிறார்கள். கணக்குப் பார்த்தால் அதுவே லாபம். ஆனால் அந்தக் கணக்கில் விழுந்த துளிகள் சேர்வதில்லை. ஸ்காபரோவில் தெருவோர வடிகாலில் இறங்கும் மழைநீர் பெரும்பாலும் ஹைலண்ட் க்ரீக் போன்ற ஓடைகளுக்கும், அங்கிருந்து ஒன்ராறியோ ஏரிக்கும் போகிறது. நாங்கள் குடிக்கும் தண்ணீரும் அந்த ஏரியிலிருந்துதான் வருகிறது. சில வடிகால் வாய்களுக்கருகில் பள்ளிப் பிள்ளைகள் மஞ்சள் மீன் வரைந்து வைத்திருப்பது அழகுக்காக அல்ல. என் காரின் கசிவு என் வீட்டு வாசலில் முடிவதில்லை.

இரண்டாவது வழி விற்றுவிடுவது. நமது சமூகத்தில் இது எப்படி நடக்கும் என்பது தெரிந்த கதை. எஞ்சினைக் கழுவித் துடைத்து, வாய்வழியாகச் செய்தி பரப்பி, புதிதாக வந்த ஒரு பெடியனுக்குக் கொடுப்பார்கள். அவன் கேட்பான்: “அண்ணை, ஒயில் ஏதும் ஒழுகுதோ?” பதில் வரும்: “நீரே பாரும் தம்பி, எஞ்சின் கண்ணாடி மாதிரிக் கிடக்கு.” இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. ஆனாலும் துடைத்த கை சொன்ன பொய் அது. அந்நியனிடம் ஏமாறுவதைவிட ‘அண்ணை’ என்று அழைத்தவரிடம் ஏமாறுவது கடுமையானது. அந்தப் பெடியன் காரை மட்டும் வாங்கவில்லை, நம்பி எடுத்தான். குறையைச் சொல்லி விலையைக் குறைத்து விற்பவரைப் பிழைக்கத் தெரியாதவர் என்கிறோம். எனக்கு அவர்மேல்தான் மரியாதை.

மூன்றாவது, நாமே செய்வது. லிஃப்ட் இல்லாமல், ட்ரைவ்வேயில், காருக்கடியில் படுத்து. கைவேலையின் மேன்மையைப் பாடும் எழுத்துகள் இப்போது நிறைய வருகின்றன. பாதி உடன்படுகிறேன். மற்றப் பாதியில் ஒரு தகப்பனின் நெஞ்சின்மேல் கியர்பொக்ஸ் தொங்குகிறது. ஜக் தூக்குவதற்கு மட்டுமே, தாங்குவதற்கு அல்ல. தாங்கிகளைச் சமதரையில் வைத்து, சில்லுகளுக்கு அடை கொடுத்து, காரைப் பலமாக உலுக்கிப் பார்த்த பின்னரே கீழே போகலாம். கியர்பொக்ஸை இறக்க அதற்கான ஜக் வேண்டும், பக்கத்தில் இன்னொருவரும் வேண்டும். ‘என் உயிர், என் துணிவு’ என்பவர் வீட்டுக்குள் பிள்ளைகள் இருப்பதை மறந்துவிட்டார். மிச்சம் பிடிக்கும் காசு அவருடையது. ஆபத்தோ அவர்களுக்கும் பங்கு உள்ளது.

கீழே போகுமுன் இன்னொரு கடமை இருக்கிறது: கசிவது இந்தச் சீல்தானா என்று உறுதி செய்வது. ஒயில் கீழ்நோக்கி வழியும், காற்று அதைப் பின்னால் தள்ளும். மேலேயுள்ள வால்வ் மூடியின் கஸ்கட் கசிந்தாலும் துளி இதே இடத்தில்தான் சொட்டும். எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வ் அடைத்திருந்தால், உள்ளழுத்தம் ஏறி நல்ல சீலையும் கசிய வைக்கும். அப்படியானால் புதிய சீலும் அதே வழியில் போகும். வேலைக்கு இத்தனை மணி என்று முன்கூட்டியே அளந்து கூலி பெறும் மெக்கானிக்குக்கு இதையெல்லாம் தேட நேரமில்லாமல் போகலாம். அவரைக் குறை சொல்ல மாட்டேன், தேடுவதற்கு யாரும் அவருக்குக் காசு கொடுப்பதில்லை. நேரம் நம்மிடம் இருக்கிறது. வீட்டில் செய்வதன் உண்மையான ஆதாயம் அதுதான் என்று நினைக்கிறேன்.

பிறகு அந்த மறைவிடம். பழைய சீலை நெம்பும்போது தண்டில் கீறல் விழக்கூடாது. புதியதன் சுருள்கம்பி உள்ள பக்கம் ஒயிலைப் பார்க்க வேண்டும். றப்பர் உதடானால் கொஞ்சம் ஒயில் தடவ வேண்டும், டெஃப்லான் வகையானால் பொதுவாக உலர்வாகவே ஏற்ற வேண்டும், அந்தந்தக் காரின் கையேடு சொல்வதே முடிவு. எல்லாம் கூடிவரும் வேளையில் விரல்நகம் ஒன்றில் மாட்டும்: பழைய உதடு வருடக்கணக்காக உரசித் தண்டில் விட்ட பள்ளம். அதை மூட மெல்லிய உலோக உறை உண்டு. ஆனால் நேரமோ ஞாயிறு இரவு, கடைகள் பூட்டியாயிற்று, காலையில் வேலை. அப்படியே பூட்டினால் சில மாதம் தாங்கும். கியர்பொக்ஸ் ஏறிய பிறகு அந்தப் பள்ளத்தை யாரும் பார்க்கப்போவதில்லை. அதற்குள் காரையே விற்றுவிடலாம், கேட்கும் பெடியனுக்கு “சீல் புதுசு தம்பி” என்று சொல்லலாம். அதுவும் உண்மைதான்.

கியர்பொக்ஸ் இன்னும் இரண்டு நாள் தரையில் கிடக்கட்டும். ஃபின்ச் பஸ் விடியமுன்னமே ஓடத் தொடங்கும்.