சுவாசயந்திரம் நீக்கும் வேளையிற் சுற்றத்தார்க்குச் சொல்லத்தக்கன

சைவ உபாத்தியாயர்களே!

சென்ற ஆண்டு வத்தளையிலே எம் மாணாக்கன் ஒருவனது வீட்டார் எம்மை அழைப்பித்தனர். அவன் தமையன் மோட்டார்சைக்கிளினின்றும் வீழ்ந்து, கொழும்பிலே அதிதீவிர சிகிச்சைப் பிரிவிற் கிடந்தான். மூளை இறந்துபட்டதென்றும், இனிச் சுவாசயந்திரத்தை நீக்குவதே செயற்பாலதென்றும் வைத்தியர் கூறியிருந்தனர். தந்தையார் எம் கையைப் பற்றி, “மாஸ்டர், பிள்ளையின் நெஞ்சு ஏறி இறங்குகின்றதே, மேனி சுடுகின்றதே. நான் சம்மதித்தால் என் பிள்ளையைக் கொன்றவனாகேனோ?” என்றார். எமக்கு நா எழவில்லை. திருநீறிட்டு மீண்டோம். பின்னர் வினாவி அறிந்தவற்றை, உங்களுக்கும் இவ்வழைப்பு வருமாதலின், இங்கே எழுதுகின்றோம்.

பாதிரிமார் பாடசாலையிலே யாம் கற்ற காலத்தில், இறக்குந் தறுவாயிலுள்ளார் பக்கத்தே குருவானவர் சென்றிருந்து சுற்றத்தாரோடு பேசுதலைக் கண்டதுண்டு. நம்மவரிடத்துக் குருக்கள் வருவது பெரும்பாலும் உயிர் நீங்கிய பின்னரே. அதற்கு முன்னைய நாழிகைகளில் அழைக்கப்படுபவர் உபாத்தியாயரே.

முதலிற் சொல்லத்தக்கது, நெஞ்சு ஏறி இறங்குதல் எதனால் என்பது. இருதயம் மூளையின் ஏவலின்றித் தானே துடிக்கும் இயல்பினது. யந்திரம் பிராணவாயுவை ஊட்டுங்காறும் அது சிலகாலம் துடிக்கும், மேனியும் சுடும். மூச்சோ மூளைத்தண்டின் ஏவலால் நிகழ்வது. ஆதலின் வைத்தியர் பிராணவாயுவைக் குழாயாற் செலுத்திக்கொண்டே யந்திரத்தைச் சிறிதுபொழுது விலக்கி, தானாக ஒரு மூச்சேனும் எழுகின்றதா என நோக்குவர். இந்தியச் சட்டம் இச்சோதனைகளை 6 மணி நேரம் இடையிட்டு இருமுறை செய்யப் பணிக்கின்றது. கையோ காலோ அசையின், அது முள்ளந்தண்டு நரம்பின் செயல்; அழைத்ததற்கு விடையன்று. இதனை முன்னரே சொல்லாவிடின், அவ்வசைவைக் கண்ட சிற்றப்பர் ஒருவர் “உயிர் இருக்கின்றது” என்று கூவ, வீடே இரண்டுபடும்.

2008 செத்தெம்பரில், பாடல்பெற்ற தலமாகிய திருக்கழுக்குன்றத்து ஹிதேந்திரன் என்னும் 15 வயதுப் பிள்ளைக்கு இதுவே நேர்ந்தது. தாய் தந்தை இருவரும் வைத்தியர். வீதிவிபத்தில் மூளை இறந்த மைந்தனது உறுப்புக்களை அவர்கள் ஈந்தனர். இருதயம் சென்னை வீதிகளில் 11 நிமிடத்திற் கொண்டுசெல்லப்பட்டு, 9 வயதுச் சிறுமி ஒருத்திக்குப் பொருத்தப்பட்டது. உறுப்பீதல் அவரவர் விருப்பம், ஈயாதாரைக் குறைகூறற்க. யாம் இங்கே நோக்குவது வேறு. அப்பெற்றோர்க்குக் குறிகளின் பொருள் தெரிந்திருந்தது. நம் பெற்றோர்க்கு ஒருவர் சொன்னாலன்றித் தெரியாது.

“கொன்றவனாகேனோ” என்றார்க்கு விடை, ஆகார் என்பதே. உயிரை உடம்போடு கூட்டி நிறுத்துவது பிராரத்த கன்மம். அது நுகர்ந்தொழிந்தவழி உயிர் நீங்கும். மூளை இறந்தவிடத்து நீக்கப்படுவது யந்திரமேயன்றி உயிரன்று. மூளையின் தொழில் மீளாவகை அற்றொழிதலை மரணமென்றே இலங்கையின் 1987ஆம் ஆண்டு 48ஆம் இலக்கச் சட்டமும் கொண்டது.

நெடுமயக்கம் வேறு. மும்பையில் 1973இல் தாக்குண்ட அருணா சான்பாக் என்னும் தாதி உணர்விழந்து கிடந்தும் தாமே மூச்சுவிட்டார். அவர்க்கு உணவை நிறுத்த 2011இல் இந்திய உச்ச நீதிமன்றம் இசையவில்லை. அவ்வைத்தியசாலைத் தாதியர் 2015இல் அவர் இறக்குங்காறும் பேணினர். ஆதலின் “மூளைச்சாவா, மயக்கமா?” என்று வைத்தியரை வெளிப்படக் கேட்கும்படி வீட்டாரைத் தூண்டுக. மூளைச்சாவின்றியே நோய் தீராதென்று யந்திரம் நீக்கப்படுவாரும் உளர். அவர்க்கு மூச்சு சில நிமிடமோ பல மணியோ தொடரக்கூடும். மூச்சுமுட்டு வருத்தாவண்ணம் மருந்து கொடுப்பர். இதனையும் முன்னரே சொல்லுக.

தம்பி தங்கையரிடம் “அண்ணன் நித்திரை” என்று பொய் கூறவேண்டா. சிவபுராணத்தை யந்திரம் நிறுத்துமுன்னரே கட்டிலருகே மெல்லிய குரலில் ஓதத் தொடங்குக. அதனைச் செத்தவீட்டுப் பாட்டென்று அஞ்சுவாருமுளர்; நாடோறும் ஓதுதற்குரியதென்று அவர்க்கு உணர்த்துக. உள்ளே எத்துணைப்பேர் நிற்கலாமென்று தாதியிடம் முன்னரே கேட்டுவைத்தலும் வேண்டும்.

அத்தந்தையார், யந்திரம் நிறுத்தப்பட்டபோது வெளியே நடைகூடத்தில் நின்றார். உள்ளே நிற்கக் கேட்கலாமென்று ஒருவரும் அவர்க்குச் சொல்லவில்லை. யாமும் சொல்லவில்லை.